சலுகை ஆணை அரையாண்டுக்கு முன் வேண்டும்

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வழங்கப்படும் சலுகைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை கருணையால் தரப்படுபவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 17-ஆவது பிரிவு இவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் கடைசி நேரத்தில் கைக்கு வரும் சலுகையால் குழந்தைக்குப் பாதிப் பயன்தான். டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு, எழுத்துக் கற்றல் குறைபாடு உள்ள என் மகனுக்கு மருத்துவச் சான்று எட்டாம் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது. இருந்தும் பொதுத்தேர்வுக்கான ஆணை வந்தது தேர்வுக்கு நான்கு நாள் முன்புதான். தனக்காக எழுதப்போகும் ஆசிரியரை அவன் முதன்முதலில் பார்த்ததே தேர்வறையில்தான். கணக்கு வழிமுறையை வரி வரியாக வாயால் சொல்வது தனிப் பயிற்சி. அதைப் பழகாத பிள்ளை, விடை தெரிந்தும் திணறினான். வீட்டுக்கு வந்து அதே கணக்கை எனக்குப் பிழையின்றிச் சொல்லிக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனவே, ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பம் பெற்று, பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஆணை வழங்கத் தேர்வுத்துறை ஆவன செய்ய வேண்டும். திருப்புதல் தேர்வுகளையும் இதே சலுகைகளோடு நடத்தும்படி பள்ளிகளுக்கு அறிவுறுத்த வேண்டும். சொல்லி எழுதவைக்கும் பழக்கம் அங்குதான் வரும்.

ஒரு தாய்,
பெரம்பூர், சென்னை.