முதுமைக்கான பணம் தம் பெயரிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வூதியம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அரசு ஊழியர்களுக்குப் பழைய திட்டமா புதிய திட்டமா என்ற வாதமே நாளிதழ்களின் பக்கங்களை நிரப்புகிறது. அந்த வாதம் தேவையானதுதான். ஆனால் நம் மதுரையின் விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளிலும், கீழமாசி வீதி மளிகைக் கடைகளிலும், செல்லூர்த் தறிக்கூடங்களிலும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் உழைப்பவர்களில் மிகப் பலருக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை என்பதையும், அவர்களில் நாற்பது வயதை நெருங்குவோருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் சேர இனி அதிக அவகாசம் இல்லை என்பதையும் எடுத்துச் சொல்வோர் குறைவு.

நான் அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். நம் மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரேனும் சொன்னால் ஒப்பமாட்டேன். மாதம் தவறாமல் ஆர்.டி. எனும் தொடர் வைப்புக் கணக்கில் பணம் கட்டுகிறார்கள், நகைச்சீட்டும் ஏலச்சீட்டும் போடுகிறார்கள். ஐந்தாண்டு ஆர்.டி. முதிர்ந்ததும் அந்தப் பணம் மகளின் சீர்வரிசைக்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, பாதியில் நிற்கும் மாடிக் கட்டடத்துக்கோ போய்விடுகிறது. எல்லாம் நியாயமான செலவுகள்தாம். ஆனால் தங்கள் முதுமைக்கென்று ஒதுக்கி, அறுபது வயதுவரை கை வைப்பதில்லை என்று உறுதிகொண்ட கணக்கு ஒன்று அந்த வீடுகளில் இருப்பதில்லை.

அப்படியொரு கணக்கைத் தொடங்க 2015 முதல் நடைமுறையில் உள்ள அடல் ஓய்வூதியத் திட்டம் எளிய வழி. 18 முதல் 40 வயது வரை உள்ள, வருமான வரி செலுத்தாத எவரும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். அறுபது வயதுக்குப்பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். பன்னிரண்டு ஆண்டு தள்ளிப்போட்டதற்கே தொகை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுவதைக் கவனியுங்கள். சேர்ந்தவர் காலமானால் அதே ஓய்வூதியம் கணவருக்கோ மனைவிக்கோ தொடரும் என்பது, வேலைக்குச் செல்லாத பெண்கள் பலர் உள்ள நம் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். நாற்பது கடந்தபின் இதில் சேர வழியில்லை.

இது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுமானால், இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு இருபது ஆண்டு கழித்து 64,000 ரூபாய் தேவைப்படும். எனவே முடிந்தவர்கள் பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் தொடங்க வேண்டும். இப்போதைய 7.1 சதவீத வட்டி நீடித்தால், மாதம் 1,000 ரூபாய் வீதம் 25 ஆண்டு கட்டுபவருக்குச் சுமார் 8 லட்சம் ரூபாய் சேரும். கடனுக்காக அந்தப் பணத்தை நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. தொழிலில் ஏற்ற இறக்கம் காணும் சிறு வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கப்பலூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடித்தத்துடன் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலம் சேராமலே போய்விடும். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே சரி.

இறுதியாக, வீடு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமும் சரி, நகருக்குள்ளும் சரி, பெற்றோர் தங்களுக்கு இருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் ஒண்டிக்கொள்ளும் நிலைக்கு ஆளாவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. உயில் எழுதினால் போதும். வாழும்வரை அதை மாற்றவும் ரத்து செய்யவும் உரிமை உண்டு. பத்திரம் எழுதியே ஆக வேண்டுமென்றால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று தயங்குபவர்கள் உண்டு. கையில் பணமும் தலைக்கு மேல் சொந்தக் கூரையும் உள்ள பெற்றோரிடம் பிள்ளைகளின் பாசமும் கசப்பின்றி நிலைக்கிறது என்பதே நான் கண்டது.

மதுரை வணிகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி போனஸ் வழங்கும் நாளில், வங்கி அல்லது அஞ்சலக ஊழியர்களைக் கடைக்கே வரவழைத்து, நாற்பது வயதுக்கு உட்பட்ட பணியாளர்கள் அனைவரையும் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க முதலாளிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் ஆண்டுத் தவணையைத் தாங்களே செலுத்தினால் இன்னும் நல்லது. தங்கள் நாளிதழும் இத்திட்டத்தின் வயதுவாரியான தவணைப் பட்டியலை, கடைச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில், தீபாவளிக்கு முன்பே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
செல்லூர், மதுரை.