கொக்கி இல்லாத கொக்கி

அன்புள்ள முரளி,

ஏழு மாதமாகக் கடிதம் போடாதவன் என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். லண்டனிலிருந்து பிரான்சின் லியோனுக்கு வீடு மாற்றியதில் பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

போன சனிக்கிழமை பாப்பாவின் இசை வகுப்பில் ஒரு கூத்து. ஆசிரியை "குரோஷ்" என்று, சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று காட்டும் ஒரு குறியின் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். இவள் லண்டனில் படித்த "கிராச்செட்" என்று நினைத்து, தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒன்றாகத் தட்டியிருக்கிறாள். பிரெஞ்சுக் குரோஷோ ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு! எல்லாரும் முடித்துவிட்டார்கள், இவள் பாதியில் நிற்கிறாள். ஒரே சிரிப்பாம்.

முதலில் ஆசிரியை மேல்தான் எனக்குக் கோபம். தேடிப் பார்த்த பிறகு இங்கிலீஷ்காரன் மேல் திரும்பிவிட்டது. இரண்டு சொல்லுக்கும் வேர் கொக்கிதான். உன் அக்காவின் குரோஷா ஊசியும் அதே கொக்கி. எழுதும்போது குரோஷ் குறியின் காம்பில் நிஜமாகவே கொக்கி தொங்குகிறது. கிராச்செட்டோ கறுப்புத் தலையும் வெறுங்காம்பும்தான்! 15ஆம் நூற்றாண்டில் இதை வெள்ளைத் தலையில் கொக்கி போட்டும் எழுதினார்கள், கொக்கி இல்லாமல் கறுப்பாகவும் எழுதினார்கள். கறுப்பு நிலைத்தது. கொக்கி போனது, இங்கிலீஷில் பெயர் மட்டும் போகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கண்ணால் பார்த்ததையே பெயராக்கினார்கள்: உருண்டை, வெள்ளை, கறுப்பு, கொக்கி. ஜெர்மானியர்கள் நம் பழைய வாய்ப்பாடு மாதிரி முழு, அரை, கால், அரைக்கால். இங்கிலீஷில் இன்னொரு வேடிக்கை, 'பிரீவ்' என்ற சுரக்குறி. லத்தீனில் குறில் என்று அர்த்தம். 13ஆம் நூற்றாண்டில் பக்கத்தில் 'லோங்கா' என்ற நெடில் இருந்தது. அப்புறம் இன்னும் குறுகிய சுரங்களாக வந்து சேர, பழையவை மெதுவாகி, இன்று எழுதுவதில் மிக நீளமானதே அந்தக் குறில்தான். அறுபது வயதிலும் நம் குட்டி மாமா குட்டி மாமாதானே, அப்படி.

இதையெல்லாம் பாப்பாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லைடா. அன்றிலிருந்து பியானோ மூடியைத் திறக்கவே இல்லை. ராத்திரி, "எனக்கு எண்ணவே தெரியாதாப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடு. ஆண்டு விழா மேடையில் ஆதி தாளத்தை ஏழிலேயே முடித்துவிட்டு, மிருதங்க வாத்தியாரை முறைத்தாயே, அதை அவளிடம் நீயே சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

உன்,
ரவி