ஃபெப் அம்மாள் போட்ட கடிதம்: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வாசிப்பு வட்டத்து நண்பர்களுக்கும், என்னோடு அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

பெண்களுக்கு ஓட்டுரிமை தர 1920ல் 'ஆம்' சொன்ன டென்னசி சட்டமன்ற உறுப்பினர் ஹாரி டி. பர்னைப் பற்றிப் போன சனிக்கிழமை நான் பேசி முடித்ததும் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கும்பகோணத்தில் முப்பத்தொரு வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவள் நான். மகனோடு டென்னசிக்கு வந்து, குடியுரிமை வாங்கி, என் பெயர் போட்ட வாக்காளர் அட்டை தபாலில் வந்த நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். அப்போது மருமகள்தான், "அத்தை, இந்த ஊர்ப் பெண்களுக்கு ஓட்டு வந்ததே ஒரு கடிதத்தால்தான், தெரியுமா?" என்று கேட்டாள். முதல் நன்றி அவளுக்கு. கடிதம் என்று சொன்னால் நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நாக்ஸ்வில் கே தெருவில் இருக்கும் வரலாற்று மையத்துக்கு அவளே அழைத்துப் போனாள். நாக்ஸ் கவுண்டி நூலகத்தின் மெக்லங் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. பர்னின் தாளும் கோப்பும் அதில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் பெண்மணி என்னைப் பெரிய ஆராய்ச்சியாளரை நடத்துவது போல நடத்தினார். கடிதத்தின் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினார். எனக்குப் பிடிபடாத கையெழுத்தைத் தானே நிதானமாக வாசித்துச் சொன்னார். அவர் காட்டிய பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஏழு பக்கக் கடிதம். எழுதியவர் ஹாரியின் தாயார் ஃபெப் என்ஸ்மிங்கர் பர்ன். நயோட்டா என்கிற சிற்றூரில், கணவர் இறந்த பிறகு பண்ணையைத் தானே பார்த்துக்கொண்ட அம்மாள். பெரும்பகுதி வீட்டுச் செய்தி, ஊர்ச் செய்தி. வெளியூரில் இருக்கும் மகனுக்கு எந்தத் தாயும் எழுதுவதுதான். நடுநடுவே அந்த வரிகள் வருகின்றன: பெண்களுக்கு ஓட்டுப் போடு, அவர்களைக் காக்க வைக்காதே, நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் பகுதி செனட்டர் கேண்ட்லர் எதிர்த்துப் பேசிய பேச்சு கசப்பாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பேப்பரை வரி விடாமல் படிக்கிற அம்மாள். தன் பண்ணையில் வேலை செய்யும், எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களுக்கு ஓட்டு உண்டு, தனக்கு இல்லை என்ற வருத்தம் அவருக்கு வெகுநாளாக இருந்தது.

கடிதத்தைத் தமிழில் கொண்டுவரும்போது ஒரு வரியில் மூன்று நாள் சிக்கிக்கொண்டேன். பெண்கள் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கேரி சாப்மன் கேட். 'நல்ல பிள்ளையாக இரு, மிஸஸ் கேட்டுக்கு அவருடைய ராட் விஷயத்தில் உதவி செய், ராட்டிஃபிகேஷனில் ராட்டைச் சேர்த்தவர் அவர்தானா, ஹா!' என்று அம்மாள் எழுதுகிறார். கேட் என்றால் பூனை, ராட் என்றால் எலி. ராட்டிஃபிகேஷன் என்பது சட்டத் திருத்தத்துக்கு மாநிலம் கொடுக்கும் ஒப்புதல். தமிழில் 'ஒப்புதல்' என்றால் எலி ஓடிப்போகிறது! எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் வட்டத்துப் பிள்ளை ஒருவன், "பாட்டி, சொல்லை அப்படியே விட்டுவிட்டு எலியையும் பூனையையும் ஓரத்தில் விளக்கிவிடுங்கள், அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுதியது தெரிந்தால் போதும்" என்றான். அப்படியே செய்தேன். அவனுக்கு என் ஆசீர்வாதம்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாள் 1920 ஆகஸ்ட் 18. பெண்களுக்கு ஓட்டுரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19வது திருத்தத்துக்கு அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 சம்மதிக்க வேண்டும். 35 ஆகிவிட்டது. தலைநகர் நாஷ்வில்லில் டென்னசி கீழவை கூடியது. எதிர்ப்பவர்கள் சட்டையில் சிவப்பு ரோஜா, ஆதரிப்பவர்களுக்கு மஞ்சள் ரோஜா. 24 வயது பர்ன்தான் சபையிலேயே இளையவர். குடியரசுக் கட்சி, கிழக்கு மலைப் பகுதி மக்மின் கவுண்டி, சிவப்பு ரோஜா. தீர்மானத்தை ஒத்திப்போடும் யோசனைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 48க்கு 48. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் 48க்கு 48, அதனால் ஒத்திப்போட முடியவில்லை. பிறகு தீர்மானமே ஓட்டுக்கு வந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டையில் சிவப்பு ரோஜாவும் பைக்குள் தாயின் கடிதமுமாக, 'ஆம்' என்றார்.

49க்கு 47. மறுபரிசீலனை கேட்கும் உத்தியாகச் சபாநாயகர் தன் ஓட்டை மாற்றிக்கொண்டதால் கணக்கு 50க்கு 46 ஆனது தனிக் கதை.

இங்கே இன்னொருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். என் முதல் எழுத்துப்படியில் எல்லாப் புகழையும் பர்னுக்கே கொடுத்திருந்தேன். அதைப் படித்த நண்பர், ஓய்வுபெற்ற வக்கீல், பென்சிலால் ஓரத்தில் 'பேங்க்ஸ் டர்னர் எங்கே?' என்று எழுதித் திருப்பித் தந்தார். டர்னர் அதே சபையில் இன்னோர் உறுப்பினர். அன்று அவரும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் காரியம் நடந்திருக்காது. பிறகு சேர்த்தேன்.

எல்லோரும் சொல்லும் கதை இத்தோடு முடிகிறது. அம்மா சொன்னாள், பிள்ளை கேட்டான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதை மாற்றியது அதே வக்கீல் நண்பர் தேடித் தந்த ஒரு பக்கம். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றினார் என்று பழி கிளம்பியதும், மறுநாளே பர்ன் சபைக் குறிப்பில் தன் காரணங்களைப் பதிய வைத்தார். வாக்குரிமை ஓர் உரிமை என்று நான் நம்புகிறேன் என்பது முதலாவது. ஒப்புதல் கொடுக்க நமக்கு நியாயமும் சட்டமும் இடம் தருகின்றன என்பது இரண்டாவது. தாய் தன் பிள்ளைக்குச் சொல்லும் யோசனைதான் எப்போதும் பத்திரமானது என்பது மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. பிறகு, ஒரு கோடியே எழுபது லட்சம் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வாய்ப்பு சாதாரண மனிதனுக்கு லேசில் கிடைக்காது என்கிறார். கடைசியாக, இந்தப் பெருமை தன் கட்சிக்குச் சேர வேண்டும் என்கிறார்.

இதைப் படித்த பிறகுதான் அவருடைய முழு வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடைசிவரை பழமைவாதிதான் அவர். கட்சி மாறவில்லை. ஓட்டுப் போட்ட கையோடு அந்த நவம்பரிலேயே தேர்தலைச் சந்தித்தார், பெண்களும் ஓட்டுப் போட்ட தேர்தல் அது, ஜெயித்தார். பிறகு வக்கீல் தொழில். 1930ல் கவர்னர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். 1948ல் மாநில செனட்டுக்குப் போனார். ராக்வுட்டில் வங்கித் தலைவர். 1952 முதல் 1970 வரை மாநிலத் திட்டக் குழு. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்காக 1953, 1959, 1965, 1971 என்று கூடிய நான்கு மாநாடுகளில் பிரதிநிதி. முழக்கம் போட்டவர் இல்லை. சட்டப் புத்தகத்தை மதித்து, மாற்ற வேண்டியதை முறைப்படி மாற்றலாம் என்று நினைத்தவர். அந்த 'ஆம்' அவருடைய குணத்துக்கு மாறானது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குள் இருந்ததைச் சொல்ல அம்மாவின் கடிதம் துணிவு கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஓய்வுபெற்ற செவிலியர், கறுப்பினத்தவர், அலபாமாவில் பிறந்தவர். என் பேச்சை அவருக்கு மகன் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினான். 'ஒரு கோடியே எழுபது லட்சம்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். தன் பாட்டி 1965க்குப் பிறகுதான் ஓட்டுப் போட்டாள் என்றார். வாக்குரிமைச் சட்டம் வந்த வருஷம் அது. தலைவரி கட்டினால்தான் ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்று தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு எத்தனையோ வேலி. கோபமாகச் சொல்லவில்லை, டீ ஊற்றிக்கொண்டே சொன்னார். அன்று ராத்திரி உட்கார்ந்து பேச்சில் பாதியைத் திருத்தினேன். 1870ல் எழுதி 1953 வரை ஒரு வரிகூடத் திருத்தாத டென்னசி அரசியல் சட்டத்திலிருந்து அந்தத் தலைவரியை நீக்கியது 1953 மாநாடு. பர்ன் உட்கார்ந்திருந்த மாநாடு. எதிர்வீட்டு அம்மா சொல்லாமல் இருந்தால் 1953ஐ வெறும் வருஷமாக வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

நயோட்டாவுக்குக் காரில் கூட்டிப்போன தம்பிக்கும் நன்றி. 1854ல் கட்டிய செங்கல் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. பர்ன் குடும்பத்துக்கும் ரயிலுக்கும் நெருங்கிய தொடர்பு. தகப்பனாரும் சரி, இளவயதில் ஹாரியும் சரி, ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அந்த நடைமேடையில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இங்கிருந்து நாஷ்வில் வரை அந்தக் கடிதம் ரயிலில்தான் போயிருக்க வேண்டும். யாரோ ஒருவர் முத்திரை குத்தினார். யாரோ பையில் கட்டினார். ஓடும் வண்டியில், நம் ஊர் ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ். ஆட்களைப் போல, யாரோ நின்றுகொண்டே பிரித்து அடுக்கினார். யாரோ சட்டமன்றக் கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு நாள் தாமதமாகியிருந்தால்? ராத்திரி டியூட்டியில் பை கட்டிய எனக்கு அந்தக் கவலை புரியும். அந்த ஊழியர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

1977ல் பர்ன் அந்த நயோட்டாவிலேயே காலமானார். நாக்ஸ்வில் நகர நடுவில் 2018ல் வைத்த சிலையில் மகன் உட்கார்ந்திருக்கிறார், தாய் பக்கத்தில் நிற்கிறார். பேச்சு முடிந்த மறுநாள் நாம் எட்டுப் பேர் போய்ப் பார்த்தோமே, அப்போது மல்லிகைச் சரம் கட்டி எடுத்துவந்து ஃபெப் அம்மாளின் காலடியில் வைத்த தோழிக்கும் நன்றி. இந்த ஊரில் அத்தனை மல்லிகையை எப்படிச் சேர்த்தாரோ!

பேச்சுக்கு இடம் கொடுத்த வீட்டாருக்கும், எழுபது பேருக்குச் சுண்டல் செய்தவர்களுக்கும், என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றித் தந்த மகனுக்கும் நன்றி. கடிதத்தின் தமிழாக்கம் மூன்று பிரதி இருக்கிறது. வேண்டுபவர்கள் வாங்கிப் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள். வக்கீல் ஐயா கொடுத்த பூதக்கண்ணாடி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தபாலாபீஸ் பாட்டி
நாக்ஸ்வில்