இருப்பு இருந்தும் என் தாயாரின் எண்ணைத் துண்டித்தது குறித்து மேல்முறையீட்டுப் புகார்

அனுப்புநர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)
அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
செல்பேசிச் சேவை நிறுவனம்,
தமிழ்நாடு வட்டம்.

நாள்: 07.07.2025

பொருள்: வேலிடிட்டி முடிந்த ப்ரீபெய்டு எண்ணை விதிக்குப் புறம்பாக ரத்து செய்தது, அதே எண்ணை உடனே திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஏற்காடு மலையில் நாகலூர் செல்லும் வழியில் வசிக்கும் என் தாயாரின் செல்பேசி எண்ணை, கணக்கில் 81 ரூபாய் சொச்சம் இருப்பு இருக்கும்போதே, கடந்த மே 12 அன்று உங்கள் நிறுவனம் ரத்து செய்துவிட்டது. இது குறித்து வாடிக்கையாளர் சேவை மையத்தில் நான் பதிவு செய்த புகாரை, ஒரு விளக்கமும் தராமல், ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் அனுப்பி முடித்து வைத்தீர்கள். எண் இன்னும் உயிர் பெறவில்லை. எதைத் தீர்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இந்த மேல்முறையீடு. புகார்ப் பதிவு எண்ணையும் டாப்-அப் ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடித்து, அது ஆறிய பிறகு மற்றொன்று என்று மருத்துவர் சொன்னதால், பிப்ரவரி முதல் மே இறுதி வரை சேலத்தில் எங்களுடன் இருந்தார். அவர் வைத்திருப்பது பட்டன் போன். இணையம் வேண்டாம், படம் பார்க்க வேண்டாம். உறவினர்களும் தோட்டத்து ஆட்களும் கூப்பிட்டால் எடுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். அவருடைய 28 நாள் பேக் பிப்ரவரி 10 அன்று முடிவதாக இருந்தது. அதற்கு முன்பே நான் உங்கள் சேவை மையத்தை அழைத்து, “பேக்கைப் புதுப்பிக்காவிட்டால் எண் போய்விடுமா?” என்று நேரடியாகக் கேட்டேன். “கணக்கில் பணம் இருக்கும்வரை எண் போகாது” என்று பதில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி 100 ரூபாய்க்கு டாப்-அப் செய்தேன். வரியும் கட்டணமும் போக 81 ரூபாய் சொச்சம் ஏறியது. அம்மாவும் நிம்மதியாக இருந்தார்.

பிப்ரவரி 10 அன்று அவுட்கோயிங் நின்றது. அதை எதிர்பார்த்தோம். அடுத்த ஒரு வாரம் இன்கமிங் வந்துகொண்டிருந்தது. 15ஆம் தேதி என் சித்தி அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினார், அவருடைய போனில் அந்த அழைப்பின் பதிவு இருக்கிறது. 17ஆம் தேதியிலிருந்து இன்கமிங்கும் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் ‘இந்த எண்ணுக்கு அழைப்புகளைப் பெறும் வசதி தற்போது இல்லை’ என்ற பதிவுக் குரல்தான் கேட்டது. அப்போதும் போன் அணைக்கப்படவில்லை. மேசை மேல், சார்ஜ் போட்டபடியே இருந்தது. மே கடைசியில் மலைக்குத் திரும்பிப் போகும்போது பேக் போடலாம் என்று சேலத்தில் உள்ள உங்கள் கிளைக்குப் போனால், “இந்த நம்பர் சிஸ்டத்திலேயே இல்லை. வேறு நம்பரில் புது சிம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார் அங்கிருந்த இளைஞர். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக் கொடுத்ததை அவர் சொன்னார். கற்றுக் கொடுத்தவர்கள் நீங்கள்.

இனி விதிக்கு வருகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 2013இல் கொண்டுவந்த திருத்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. பயன்பாடு இல்லை என்ற காரணத்தைக் காட்டி ஒரு ப்ரீபெய்டு எண்ணை ரத்து செய்ய வேண்டுமானால், தொடர்ந்து 90 நாட்களாவது அதில் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருக்க வேண்டும். வந்த அழைப்பும் பயன்பாடுதான் என்று அதே விதி சொல்கிறது. அந்த 90 நாட்களும் கழிந்த பிறகுகூட, கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பணம் இருக்கும்வரை இது தொடர வேண்டும். அதன் பிறகும் எண்ணை மீட்டுக்கொள்ள 15 நாட்கள் அவகாசம் உண்டு.

அம்மாவின் கணக்கை இதன்படி போட்டுப் பாருங்கள். கடைசியாக அழைப்பு வந்த பிப்ரவரி 15இலிருந்து எண்ணினால் 90 நாட்கள் மே 16 அன்றுதான் முடிகின்றன. நீங்கள் மே 12 அன்றே ரத்து செய்துவிட்டீர்கள். அதாவது அழைப்பு வந்துகொண்டிருந்த நாட்களையும் ‘பயன்பாடு இல்லாத நாட்கள்’ என்று வேலிடிட்டி முடிந்த தேதியிலிருந்தே கணக்கிட்டிருக்கிறீர்கள். அடுத்து, 81 ரூபாயில் நான்கு முறை இருபது இருபதாகக் கழித்தால் 120 நாட்கள். செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்த எண் அம்மாவுடையதாகவே இருந்திருக்க வேண்டும். இன்று ஜூலை 7. இந்தக் கடிதத்தை நான் எழுதவே தேவை இருந்திருக்கக் கூடாது. அந்த 81 ரூபாய் எங்கே போனது என்பதற்கும் இதுவரை பதில் இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அம்மாவின் எண்ணுக்கு அழைப்புகள் வராமல் இருக்கவில்லை. வந்த அழைப்புகளை நீங்கள் தடுத்தீர்கள். வீட்டை வெளியே பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர், ‘உள்ளே யாரும் வந்து போகவில்லை, ஆகவே இந்த வீடு இனி உங்களுடையதல்ல’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். பேக் போடாதவருக்கு இன்கமிங் தரமாட்டோம் என்பது உங்கள் வியாபார முடிவு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தடையால் உண்டான மௌனத்தையே வாடிக்கையாளரின் அலட்சியமாகக் கணக்கெழுதி, அதைக் காரணம் காட்டி எண்ணைப் பறிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? எழுத்து மூலம் பதில் சொல்லுங்கள்.

ஒரு எண் போனால் இன்னொரு எண் என்று கிளையில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். மறைந்த என் தந்தையார் வாங்கிக் கொடுத்த எண் அது. மிளகு வாங்க வரும் வியாபாரியின் குறிப்பேட்டிலும், காப்பிப் பழம் பறிக்க வரும் பெண்களின் போன்களிலும் இருப்பது அந்த எண்தான். குடும்ப அட்டையில் அதுதான் பதிவாகியிருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் அதற்குத்தான் செய்தி வரும். எரிவாயு சிலிண்டர் வந்தால் அந்த எண்ணுக்கு வரும் குறியீட்டைச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கும் ஆதாரும் அதோடுதான் இணைந்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் மாற்ற அலுவலகம் அலுவலகமாகப் போக வேண்டும், சில இடங்களில் விரல் ரேகையும் வைக்க வேண்டும். வயலில் உழைத்த விரல்கள், இயந்திரத்தில் ரேகை எளிதில் பதிவதில்லை. கண் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்குப் போன் ஆடம்பரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, அம்மா நலமாக இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரிந்தது அந்த எண் வழியாகத்தான். தோட்டத்து ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால்தான் அங்கே டவர் கிடைக்கும். அந்த மழையிலும் அங்கே போய் நின்று பேசினார். மறுபடி மழைக்காலம் வருகிறது.

வேலிடிட்டி முடிந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் நிறுவனம் ஒருபோதும் முழுதாகச் சொல்வதில்லை. இது என் தாயாருக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. நீங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ்கள் அத்தனையும் ஆங்கிலத்தில், ‘உடனே ரீசார்ஜ் செய்யுங்கள்’ என்ற ஒரே வரியோடு வந்தன. எந்தத் தேதியில் அவுட்கோயிங் நிற்கும், எப்போது இன்கமிங் நிற்கும், எந்த நாளில் எண்ணே போய்விடும் என்று ஒன்றில்கூட இல்லை. ரத்து செய்யப் போகிறோம் என்ற முன்னறிவிப்பும் வரவில்லை. பணம் கட்டச் சொல்வதற்கு நாள்தோறும் செய்தி அனுப்ப முடிந்த உங்களுக்கு, எண்ணைப் பறிக்கும் முன் தமிழில் ஒரு செய்தி அனுப்ப முடியாமல் போனது எப்படி?

மறைத்து வைப்பதும் நடக்கிறது. அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான் டிராய் 2024 டிசம்பரில், டேட்டா இல்லாமல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும், அதற்கு 365 நாட்கள் வரை வேலிடிட்டி தரலாம் என்றும் உத்தரவிட்டது. அப்படி ஒன்று இருப்பதை உங்கள் கிளையிலோ, சேவை மையத்திலோ ஒருவர்கூடச் சொல்லவில்லை. பட்டன் போன் என்று தெரிந்தும் தினம் இத்தனை ஜிபி டேட்டா என்ற பேக்கைத்தான் நீட்டினார்கள். அதுவும் 28 நாள் பேக். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தான், ஆனால் 13 முறை பணம் கட்ட வேண்டும். மாதம் முழுவதற்குமான பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் சொல்லியும், அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியை, எந்த பேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தர வேண்டும் என்பதும் 2021 டிசம்பரில் வந்த உத்தரவு. இதை முன்பே சொல்லியிருந்தால், இன்கமிங் நின்ற அன்றே எண்ணை வேறிடம் மாற்றிக் காப்பாற்றியிருப்போம். ரத்தான எண்ணை மாற்றவும் வழியில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே பலர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் இணைப்பு எடுக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் பொதுவாக இணைப்பு நிற்பதில்லை. மாதா மாதம் தொடர்கிறது, கட்டணம்தான் மாறலாம். அதையும் வாடிக்கையாளர் அறியாமல் செய்ய முடியாது. ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன், முடியும் தேதி, இப்போதைய கட்டணம், பிறகு மாறக்கூடிய கட்டணம், கிடைக்கும் வேறு நல்ல திட்டங்கள் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆஃப்காம் என்னும் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2020 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊர் ப்ரீபெய்டு முறை வேறு என்பது எனக்குத் தெரியும். முடியப் போவதை முன்கூட்டியே, முழுதாக, வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் சொல்வதற்கு எந்த முறையும் தடையில்லை.

இந்த விஷயத்தில் காலம் குறைவாக இருக்கிறது என்பதை வலியுறுத்துகிறேன். ரத்தான எண்ணை 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்பது 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்த நிலைப்பாடு. மே 12இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 10 அன்று அந்தக் காலம் முடிகிறது. அதன் பின் முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த எண் போகும். அம்மாவின் வங்கிக் கணக்குக்கான ஓடிபி அவருக்குப் போகும். அம்மாவின் மிளகுக்கு விலை பேச வியாபாரி அழைத்தால் அவர் எடுப்பார். இதில் என் தாயாருக்கு ஒரு ரூபாய் இழப்பு நேர்ந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்பதை இந்தக் கடிதம் மூலம் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

ஆகவே, அதே எண்ணை என் தாயாரின் பெயரிலேயே உடனே உயிர்ப்பித்துத் தர வேண்டும். அதுவரை அதை வேறு யாருக்கும் ஒதுக்கக் கூடாது; அப்படி நிறுத்தி வைத்ததை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். பிடித்துக்கொண்ட 81 ரூபாயைக் கணக்கில் திரும்ப ஏற்ற வேண்டும். எந்தத் தேதியில் எந்தச் சேவையை நிறுத்தினீர்கள், 90 நாட்களை எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள், இருப்பு இருந்தும் எண்ணை ஏன் நீட்டிக்கவில்லை என்பவற்றுக்குத் தேதிவாரியாக, தமிழில் விளக்கம் தர வேண்டும். எண் திரும்பக் கிடைத்ததும், பேசுவதற்கு மட்டுமான நீண்ட கால ரீசார்ஜை நாங்களே போட்டுக்கொள்கிறோம். அதற்குப் பணம் கட்ட நாங்கள் என்றும் தயங்கியதில்லை.

மேல்முறையீட்டை முடிக்க ஒழுங்குமுறைகள் உங்களுக்குத் தரும் 39 நாட்களை முழுதாக எடுத்துக்கொண்டால், ஆகஸ்ட் 10 தாண்டிவிடும். எனவே எண்ணை ஒதுக்காமல் நிறுத்தி வைக்கும் உத்தரவையாவது இந்த வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன். அது வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மனுவைத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரின் மகள்