இருவருக்கான பரிசு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கு நலம். அங்கு நீங்கள் இருவரும் நலமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன் என்றால் "அப்புறம் பேசுகிறேன் அம்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் 60ஆவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பரிசுக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் ஒரு நாள் சமையல் வகுப்பு, கையால் செய்து பழகலாம், மதியச் சாப்பாடு அங்கேயே, இருவருக்கு என்று அச்சிட்டிருந்த அட்டையை அப்பா உரக்கப் படித்துவிட்டு, "கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறான் உன் மகன்" என்று சிரித்தார்கள். 35 வருடமாக அடுப்பின் முன்னால் நிற்பவளுக்குச் சமையல் வகுப்பா என்று எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அட்டையின் அடியில் "நீங்களும் அவளும் போய் வாருங்கள்" என்று உன் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்தபிறகு அந்தக் கோபம் போய், வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பொங்கலுக்கு நீ மட்டும் வந்தாய். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

பரிசைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். புடவை வாங்கித் தந்தால் அது பீரோவில் கிடக்கும், கட்ட மனம் வருகிற நாளில் கட்டிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பரிசுக்கு நாளும் வேண்டும், ஆளும் வேண்டும். அதிலும் இருவருக்கு என்று கொடுப்பதானால் அந்த இருவரிடமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 3 மாதத்துக்குள் போக வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. மருமகளுக்கு நான்கு முறை போன் செய்தேன். பிறகு ஒரு நாள், "மன்னிக்கவும் அத்தை, இப்போது வர இயலாது" என்று செய்தி மட்டும் வந்தது. அந்த "இப்போது" என்கிற சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று அப்பாவைக் கேள். யாருக்காவது இனி இதுபோல் கொடுப்பதானால், தம்பி, தேதியைக் கேட்டுவிட்டுக் கொடு.

கடைசியில் நான் தனியாகத்தான் போனேன். முதல் பஸ்ஸில் ஏறி மதுரை மாட்டுத்தாவணியில் மாறி, அங்கே போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, பிரான்சிலிருந்து ஒரு கணவன் மனைவி, பிறகு நான். சொல்லிக்கொடுத்த அம்மாளை எல்லாரும் ஆச்சி என்றார்கள். நம் பக்கத்தில் ஆச்சி என்றால் பாட்டி. அங்கே என்னைவிடப் பத்து வயது இளையவளும் ஆச்சிதான். நாங்கள் சைவம் என்று நீ முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாயாம், எனக்கென்று தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் எடுத்து வைத்திருந்தார்கள். இவ்வளவு பொறுப்பாக யோசிக்கிற பிள்ளை என்று அந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் என் பக்கத்து மேடையிலும் ஓர் அடுப்பு, ஓர் அரிவாள்மனை, மடித்து வைத்த ஓர் ஏப்ரன். ஆச்சி பத்தரை மணி வரைக்கும் வாசலைப் பார்த்துப் பார்த்து, "இன்னொருவர் வருவார்களா?" என்று கேட்டார்கள். மருமகளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கற்றுக்கொள்ள ஒன்றுமிராது என்று நினைத்துப் போனதற்காக வெட்கப்பட்டேன். கல்பாசி என்று கருகருவென்று மரப்பட்டை உதிர்ந்ததைப் போல ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மோந்தால் பெரிதாக மணமில்லை, சூடான எண்ணெயில் விழுந்ததும் கூடமே மணந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து வெண்டைக்காய் மண்டி வைத்தோம். நகரத்தார் பர்மாவுக்கு வட்டித்தொழிலுக்குப் போன காலத்தில் அங்கிருந்து வந்த கறுப்புக் கவுனி அரிசியை முதல் நாளே ஊற வைத்திருந்தார்கள். அதை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கிளறினோம். அப்பாவுக்கென்று ஒரு டப்பாவில் கொண்டுவந்தேன், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வெள்ளைப் பணியாரத்தில்தான் நான் தோற்றேன். ஒரு கிண்ணம் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாக வைத்து, இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊற வைப்பது அங்கே அளவு. எங்களுக்கு ஊறியது தயாராக இருந்தது. அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடுங்கள் என்று ஆச்சி சொன்னதைக் காதில் வாங்காமல், இட்லிக்கு அரைத்துப் பழகிய கை தாராளமாக ஊற்றிவிட்டது. எண்ணெயில் விட்டதும் பணியாரம் எழும்பாமல் பரந்துபோய், எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாளுக்கோ வெள்ளை வெளேரென்று பூத்து வந்தது. நான் கரண்டியை ஆச்சியிடம் நீட்டினேன். அவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பச்சரிசி மாவு ஒரு கரண்டி சேருங்கள், கலக்கிவிட்டு இன்னொன்று ஊற்றுங்கள், வந்துவிடும்" என்றார்கள். மூன்றாவது வந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தம்பி. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவள் என்னிடம், "அத்தை, மறுவீட்டில் வைத்தார்களே, அந்தத் தேங்காய்ப்பால் சொதியை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டாள். நீ போய் உட்காரம்மா, நான் செய்கிறேன் என்று கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பாசம் என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த வருடம் உங்கள் கல்யாண நாளுக்கு இங்கே வந்திருந்தபோது, சின்னத்தையும் இருந்தாள், மருமகள் எங்கேயோ பார்த்துப் படித்துத் தானாகவே சொதி வைத்தாள். முதல் பாலை ஊற்றியபிறகும் அடுப்பில் கொதிக்க விட்டதால் திரிந்துவிட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டிவிட்டு நான் புதிதாக வைத்தேன். திரும்பி வந்தவள் கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்தாள். இலையில் பரிமாறியதைப் பார்த்து நீ அவளைப் புகழ்ந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. அன்று இரவு, ஏன் அவள் முகம் வாடியிருக்கிறது என்று நீ என்னைக் கேட்டாய். எனக்கென்ன தெரியும், அலுப்பாக இருக்கும் என்று சொன்னேன். உங்கள் இருவருக்கும் இடையில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதில் அந்தச் சட்டியும் இருக்கிறதோ என்பதுதான் இப்போது ராத்திரியில் என்னைத் தூங்க விடுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கடையில் வாங்கியே காலத்தைத் தள்ளாதே. இனி யாருக்குப் பரிசு கொடுத்தாலும் தேதியைக் கேட்டுக்கொண்டு கொடு என்று மறுபடியும் சொல்கிறேன், முன்னாலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும்.

வராதவருக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறது என்று, கிளம்பும்போது ஆச்சி அந்த இரண்டாவது ஏப்ரனையும் செய்முறைத் தாள்களையும் என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். அதனுடன் அரைக்கிலோ கவுனி அரிசியும், பொட்டலம் கட்டிய கல்பாசியும், சொதிக்கு அளவும் பக்குவமும் நானே எழுதிய ஒரு தாளும் வைத்துப் பார்சல் கட்டிவிட்டேன். மேலே மருமகளின் பெயரை எழுதியாகிவிட்டது. விலாசத்தை எழுதாமல் வைத்திருக்கிறேன். உன் வீட்டு விலாசத்தையே எழுதுவதா, வேறு விலாசம் இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு வரி எழுதிவிடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா