பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் கடலோர ஊர்களில் மீன் வியாபாரிகள் ஆண்டுக்கணக்காக நம்பியிருக்கும் கணக்கு மென்பொருளை, பழையது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றச் சொல்கிறார்கள் விற்பனையாளர்கள். இது அநியாயம். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் உப்புக் காற்றில் நூறாண்டு கடந்து உழைத்தது ஓயாத பராமரிப்பால்தானே! 2000இல் வெளிவந்த எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள மென்பொருள் இன்று நம் கைப்பேசிகளுக்குள் இருக்கிறது. 2004இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் உருவான கோப்பை இப்போதும் திறக்கலாம். 2050 வரை பராமரிப்பதே எங்கள் நோக்கம் என்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள். எத்தனை நிறுவனங்கள் இப்படிச் சொல்லத் துணியும்? கூட்டுறவுச் சங்கங்கள் மென்பொருள் வாங்கும்போது, பத்தாண்டுக்குப் பிறகு பழுது பார்ப்பது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

- ஒரு வாசகர், மண்டபம்