நீ அனுப்பிய ஊதுபத்திப் பெட்டி

தேவகோட்டை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள உமையாளுக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். நாலு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ நினைக்கிற காரணம் இல்லை. தை மாதம் நீ அனுப்பினாயே ஊதுபத்திப் பெட்டி, அதுதான் காரணம்.

திட்டாதே. பெட்டியைப் பிரித்ததுமே நெற்றிப்பொட்டில் இடி விழுந்தது. ஒரு குச்சிகூடப் பற்றவைக்கவில்லை. மூன்று பையில் சுற்றி எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு இரண்டாங்கட்டு அறையில் பூட்டிவைத்திருக்கிறேன். 'அருமையான வாசம்' என்று பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதத் தைரியமும் இல்லை. கெமிஸ்ட்ரி லேபில் நெடி தாங்காமல் தலைவலியில் விழுந்தவளுக்கு இதை அனுப்பத் தோன்றியது பார் உனக்கு!

ஆத்தாவோடு ஊருக்கே வந்துவிட்டபோது ஓட்டுக் கூரை ஒழுகுவதற்குத்தான் பயந்தேன். சாம்பிராணி நினைவிலேயே இல்லை. ஜன்னல் இல்லாத சாமி அறை. தூபக்காலில் தணல். ஆத்தா ஒரு கை அள்ளிப் போடுவாள், புகை அடங்குமுன் இன்னொரு கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் மாடியில் ஈரத்துணியோடு கிடப்பேன். குங்கிலியக் கலயர் மனைவியின் தாலியை விற்றுத்தான் குங்கிலியம் வாங்கினார், ஆத்தா என் தலையையே விற்றுவிடுவாள் என்று சொன்னேன். "நாயனார் பேரைச் சொல்லிக் கேலி பண்ணாதே" என்று அதற்கும் திட்டு.

சரி, வேறு வழியில்லாமல் புகையில் நானே பண்டிதை ஆகிவிட்டேன். கடையில் மலிவாகக் கிடைக்கும் வத்திகளில் பெரும்பாலானவை, கரித்தூளையும் பசை போல ஒட்டும் ஜிகட் பட்டைப் பொடியையும் மூங்கில் குச்சியில் உருட்டி, காய்ந்த பிறகு வாசனைத் திரவத்தில் தோய்த்தவை. பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அறைவது அந்தத் திரவம்தான். மசாலா வத்தியில் வாசப்பொருள்களை மாவோடு சேர்த்தே பிசைகிறார்கள். அதன் வாசம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, எனக்கும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் அட்டையில் 'இயற்கை' என்று போட்டிருப்பதை நம்பி இரண்டு தடவை காசைத் தொலைத்தேன். சாம்பிராணியும் மரப்பிசின்தானே! நம் செட்டிமார் மேடான் நகரில் லேவாதேவி செய்தார்களே, அந்தச் சுமத்ராவின் காட்டு மரத்துப் பிசின். அதைவிட இயற்கை எது? எரித்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் எதிலிருந்தும் வரும். அடைத்த அறையில் தணல் வைப்பது தலைவலியைவிடப் பெரிய ஆபத்து. முகர்ந்து பார்த்து வாங்குவதிலும் பயனில்லை, எரியும்போது வாசமே வேறு. இப்போதெல்லாம் ஆகச் சிறிய பாக்கெட்டாக வாங்கி, வளவில் வானம் தெரியும் இடத்தில் ஒன்றை ஏற்றிவிட்டுத் தூண் ஓரமாய்த் தள்ளி நிற்பேன். காது ஓரம் விண்ணென்றால் உடனே மணலில் குத்தி அணைத்துவிடுவேன். ஒத்துக்கொண்டாலும் கால் குச்சிக்கு மேல் கிடையாது.

தூபக்காலையும் வளவு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். ஆத்தாவுக்கு மனசில்லை. "சாமிக்கு வாசமே எட்டலையே" என்று வாராவாரம் புலம்பல். வீம்பு என்றே நினைத்தேன்.

போன செவ்வாய் மாடியில் இருந்தேன். பால் தீய்கிற வாசம். ஓடி வந்து பார்த்தால், அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஆத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் அடி கருகிப் புகைகிறது. "எதுக்கு இப்படி ஓடியாறே?" என்கிறாள்.

எனக்குக் கை நடுங்கியது. காப்பித்தூளை அவள் மூக்கருகே நீட்டினேன், மல்லிகைப்பூவை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. பெருங்காயத்துக்கு மட்டும், "ஏதோ வருது" என்றாள். காரைக்குடி டாக்டர் மூக்கைச் சோதித்துவிட்டு, வயதானால் மோப்பம் குறைவது சகஜம் என்றார். எத்தனை வருஷமாக இப்படியோ? வாசம் வரட்டும், வரட்டும் என்று ஒவ்வொரு கையாக அள்ளிப் போட்டிருக்கிறாள், உமையா. நான் மாடியில் படுத்துக்கொண்டு அவளைச் சபித்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொரு பயம். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதானே அதில் நாற்றத்தைக் கலக்கிறார்கள்? தெரியாத மூக்குக்கு என்ன பயன்? கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன். ராத்திரி ரெகுலேட்டரை நானே மூடுகிறேன். உன் மாமியாரையும் ஒருதரம் காப்பித்தூள் வைத்துப் பார், விளையாட்டுப் போல.

இன்று சாம்பிராணி நான் போட்டேன், ஒரு சிட்டிகை. ஆத்தா தூணில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசம் வந்துச்சா?"

"வந்துச்சு ஆத்தா."

"சாமி அறைக்குமா?"

"வீடு பூரா."

சரியென்று விளக்கைத் தூண்டப் போய்விட்டாள்.

உன் பெட்டியை உன் நாத்தனாருக்குக் கொடுத்துவிடட்டுமா? அவள் வீட்டில் எல்லாருக்கும் மூக்கு கல். முன்னோர் படைப்புக்கு வரும்போது சென்ட் போட்டுக்கொண்டு வராதே, வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

உன்,
தெய்வானை